உபதேசியார் எழுதிய வம்சாவளி

தென் மாவட்டங்களில் ஒரு குடும்பம் தன் வம்சத்தைத் தேடிப் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. பங்குனி உத்திரத்தன்று குலசாமியான சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கலிடுவது ஒன்று. எந்த ஊரில் பிழைத்தாலும் அன்று அங்கே வந்து நிற்பவர்கள் பங்காளிகள். யார் வழி, எத்தனையாவது தலைமுறை என்பதெல்லாம் பேச்சிலேயே தெளிந்துவிடும். மற்றது, வேதக்கோயிலின் பதிவேட்டைப் புரட்டுவது. முதல் வழியில் எழுத்தே கிடையாது. இரண்டாவதில் எழுத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. சங்கரன்கோவிலைச் சுற்றிய ஊர்களில் இரண்டு வழியும் தேவைப்படும் குடும்பங்கள் உண்டு. பூட்டன் காலத்தில் ஒரு கிளை வேதத்துக்குப் போக, இன்னொரு கிளை சாமிகொண்டாடியாகவே நின்றுவிட்ட குடும்பங்கள் அவை.

இப்போது இரண்டாவது வழிக்குத்தான் மவுசு. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள், ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். வந்ததை வைத்துக் கணினியில் வம்சாவளி வரைகிறார்கள். மையால் எழுதியது, தேதி போட்டது, குருவின் கையெழுத்து உள்ளது என்றால் நம்பாமல் இருக்க முடியுமா? அந்த நம்பிக்கையில் பாதிதான் நியாயம் என்பது என் எண்ணம்.

இப்படித் தேடும் முறை இங்கிலாந்தின் கிராமங்களில் வேரூன்றியது. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ரோம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க உத்தரவிட்டார். 1837இல் அரசாங்கப் பதிவு தொடங்கும்வரை, நிலமில்லாத ஓர் ஆங்கிலப் பண்ணைக்கூலியின் வாழ்க்கைக்கு அநேகமாக இந்த மூன்று வரிகளே சாட்சி. 1960களில் ரிக்லி என்ற வரலாற்றாசிரியர் டெவன் மாவட்டத்துக் கோலிட்டன் ஊரின் பதிவேடுகளைக் குடும்பம் குடும்பமாகக் கோத்து, எந்த வயதில் மணம் முடித்தார்கள், பிள்ளைகளுக்கு நடுவே எத்தனை வருட இடைவெளி என்று கணக்கிட்டுக் காட்டினார். சாதனைதான். ஆனால் அந்த முறை பலிக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. தலைமுறை தலைமுறையாக மாறாத குடும்பப் பெயர் வேண்டும். ஆட்கள் ஊரைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். தங்கியவர்களின் கதையே எல்லோரின் கதையாகிவிடும். இந்தக் குறையைப் பற்றி அங்கே நெடுங்காலம் வாதம் நடந்திருக்கிறது. நம்மூர்த் தேடலில் இரண்டு நிபந்தனையுமே பொருந்தாது என்ற பேச்சுக்கூட எழுவதில்லை.

திருநெல்வேலிச் சீமையின் புராட்டஸ்டண்ட் சபைகளுக்குப் பதிவேடு எழுதும் பழக்கம் பாளையங்கோட்டை வழியாக வந்தது. 1778இல் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் அங்கே குளோரிந்தா என்ற பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இன் சபைப் பட்டியலில் இருந்தவை 40 பெயர்கள். வடக்கே, இந்த வானம்பார்த்த பூமிக்குள் மிஷனரிகள் ஊர் ஊராக வந்தது பின்னால்தான். 1854இல் ராக்லண்டு சிவகாசியை மையமாக வைத்துக் கூடாரத்தில் தங்கி ஊர் சுற்றும் ஊழியத்தைத் தொடங்கினார். நான்கே ஆண்டில் சிவகாசியிலேயே இறந்துபோனார். திருநெல்வேலி சாலையில் இருக்கும் பனவடலிசத்திரம் அக்காலத்துச் சி.எம்.எஸ். மிஷன் சங்கத்தின் ஊழிய வட்டாரங்களில் ஒன்று. ஐயர்மார் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஊரில் தங்கி, பள்ளிக்கூடம் நடத்தி, ஆட்களின் பேர் ஊர் தெரிந்து வைத்திருந்தவர் உபதேசியார்தான். பதிவேட்டுக்குப் போகும் செய்தி பெரும்பாலும் அவர் வாய்வழி வந்தது.

இந்தப் பதிவேடுகளின் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் சிவகிரி, ஊற்றுமலை, தலைவன்கோட்டை என்று ஜமீன்களே அதிகம். 1948இன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை ஜமீன் ஊரில் உழுதவர் பெயர் சர்க்காரின் பட்டாக் கணக்குக்குள் வரவில்லை. உழுதவருக்கே அந்த நிலை என்றால், அவரிடம் கூலிக்கு நின்றவர், பனையேறியவர், தறியில் உட்கார்ந்தவர் பெயர் எந்த ஏட்டில் இருக்கும்? பிரிட்டிஷ் காலத்துக் குடிமதிப்பில் ஆட்களை எண்ணினார்களே தவிர, பெயர் எழுதிய தாள்களைக் காப்பகத்தில் வைக்கவில்லை. இங்கிலாந்தில் 1841 முதல் 1921 வரைக்கும் வீடுவாரியான குடிமதிப்புத் தாள்கள் கிடைக்கின்றன. பங்குப் பதிவேட்டில் ஒரு ஜான் ஸ்மித்தைப் பிடித்தால், குடிமதிப்பில் அவன் வீட்டுக் கதவைத் தட்டிச் சரிபார்க்கலாம். இங்கே அப்படித் தட்ட இன்னொரு கதவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஏழைத் தகப்பன், தாய், பிள்ளை மூவரையும் ஒரே வரியில், தேதியோடு, ஊரோடு எழுதிவைத்த ஏடு வேதக்கோயில் பதிவேடு ஒன்றுதான் என்றால் மிகையில்லை. அதன் மதிப்பும் அதுதான், ஆபத்தும் அதுதான். தனிச்சாட்சி சொல்வதைக் குறுக்கு விசாரணை செய்ய யாரும் இல்லை.

சாட்சி எங்கே தடுமாறுகிறது என்று பார்க்க, ஊரறிந்த ஒரு குடும்பமே போதும். வெள்ளாளன்விளையில் வேலாயுதம் என்ற வணிகர் 1839இல் வேதத்துக்கு வந்து தாமஸ் வேதநாயகம் ஆனார். அவர் மகன் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, பிற்காலத்தில் தோர்ணக்கல் பேராயர், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். வேலாயுதத்துக்கும் அசரியாவுக்கும் இடையே ஒரே தலைமுறை; பொதுவாக ஓர் எழுத்துகூட இல்லை. பேராயர் என்பதால் வாழ்க்கை வரலாறு எழுதினார்கள், இணைப்பு தெரிகிறது. 1839இல் அதே போலப் பெயர் மாறிய ஒரு பனையேறியின் வீட்டில் இணைப்பைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? முன்னோரைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவர் எந்த இடத்தைத் தாண்ட ஆசைப்படுகிறாரோ, சரியாக அந்த இடத்தில் பதிவேடு சுவரெழுப்பி நிற்கிறது. சில குருமார் பழைய பெயரையும் பக்கத்தில் எழுதினார்கள். அந்த ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஊர் மாறினால் ஏடும் மாறும். கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858இல் ஞானஸ்நானம் பெற்றது சென்னையில். இரட்சணிய யாத்திரிகம் எழுதியவர் என்பதால் நமக்கு அது தெரியும். தெரியாதவரைத் திருநெல்வேலிப் பதிவேடுகளில் எத்தனை வருடம் தேடினாலும் கிடைக்கமாட்டார். தேடுபவர் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவார்.

குடும்பப் பெயர் இல்லாத சிக்கல் இதைவிடப் பெரிது. 1872இன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் வகுத்த படிவத்தில் மணமக்களுக்கும் அவர்களுடைய தகப்பன்மாருக்கும் குடும்பப் பெயர் எழுதக் கட்டம் இருக்கிறது. இங்கிலாந்தின் கிராமத்தானை மனதில் வைத்து அச்சடித்த கட்டம் அது. நம்மவர்கள் அதில் தகப்பன் பெயரை எழுதினார்கள், சாதியை எழுதினார்கள், ஊரை எழுதினார்கள், வெறுமனே கோடும் இழுத்தார்கள். அந்தக் கட்டத்தை இன்று கணினியில் ஏற்றும்போது இவை எல்லாம் ‘குடும்பப் பெயர்’ என்றே பதிவாகின்றன. பிறகு கணினி தன் பங்குக்கு, சம்பந்தமே இல்லாத இரண்டு வீடுகளைப் பங்காளிகளாக்கிக் கொடுக்கிறது.

நம்மிடம் வேறொரு கயிறு இருக்கிறது: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது. ஞானமுத்து மகன் மாசிலாமணி, அவன் மகன் ஞானமுத்து என்று ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி வரும் பெயர், மறைந்திருக்கும் குடும்பப் பெயர் போலவே வேலை செய்கிறது. பதிவேட்டை ஊன்றிப் படிப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் ஞானமுத்துவுக்கு நான்கு மகன்கள் என்றால், நான்கு வீட்டிலும் ஒரு ஞானமுத்து பிறப்பான். நான்கு பேரும் ஒரே ஊர், ஒரே வயது, நான்கு பேருக்கும் ஒரே அத்தை வீட்டில் பெண் தேடியிருப்பார்கள். யார் எவர் என்று பிரிக்கத் தாளால் ஆகாது. ‘கிணத்து மேட்டு வீட்டு ஞானமுத்து’ என்று சொல்ல ஓர் ஆச்சி வேண்டும்.

ஆச்சி என்றதும் சொல்ல வேண்டியது. திருமணப் படிவத்தில் தகப்பன் பெயருக்கு இடமுண்டு, தாய்க்குக் கிடையாது. இங்கிலாந்திலேயே திருமணப் பதிவில் தாயின் பெயர் ஏறியது 2021 மே மாதம்தான். இன்னொரு சேகரத்துக்கு, அதாவது பங்குக்கு, வாக்கப்பட்டுப் போன பெண்ணின் பிள்ளைகள் அந்தச் சேகரத்து ஏட்டில் வருவார்கள்; அங்கே அவள் பிறந்த ஊர் இராது. மாமன் மகளைக் கட்டுவது வழக்கமாக இருந்த சமூகத்தில், பெண்வழியை விட்டுவிட்டால் உறவின் பாதி அல்ல, அதன் முடிச்சே போய்விடுகிறது. இந்தத் தாள்களை மட்டும் வைத்து வரைந்த வம்சாவளிகள் வாழைமரம் போல நெட்டுக்குத்தாக நிற்பது இதனால்தான்.

ஊரிலேயே இருந்தும் ஏட்டிலிருந்து காணாமல் போனவர்களும் உண்டு. 1857இல் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையை நிறுவினார். அவரோடு போனவர்கள் மிஷன் பதிவேட்டில் திடீரென்று நின்றுவிடுகிறார்கள். செத்துப்போனதாகவோ ஓடிப்போனதாகவோ நினைக்கத் தோன்றும். அடுத்த தெருவில்தான் இருந்தார்கள். இங்கிலாந்தில் அரசாங்கச் சபையை விட்டு விலகிய பாப்டிஸ்டுகளும் குவேக்கர்களும் பங்குப் பதிவேட்டில் இப்படித்தான் மறைகிறார்கள். பதிவேடு எழுதப்பட்டது சபைக்காக. குடும்பத்தைத் தொடர்வது அதன் வேலையாக இருந்ததே இல்லை.

ஆகவே முன்னோரைத் தேடுவதையும் சந்ததியைத் தேடுவதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. பின்னோக்கிப் போகும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு தகப்பன், ஒரு தாய். தேடுவது கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் நின்றுவிடலாம். முன்னோக்கி வரும்போது எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் பிழைத்தார்கள், எங்கே போனார்கள் என்பதற்கு எல்லையில்லை. 1854இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்களை அனுப்பினார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் எத்தனையோ குடும்பங்கள் கடல் கடந்தன. போனவர்கள் போனதாக ஊர்ப் பதிவேட்டில் வரி கிடையாது.

இந்த இடத்தில் ரோமன் கத்தோலிக்கப் பங்குகளின் ஏடு ஒருபடி மேல் என்பேன். 1908இல் நடைமுறைக்கு வந்த ரோமாபுரியின் ஆணைப்படி, ஒருவருக்கு எங்கே திருமணம் நடந்தாலும் அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குச் செய்தி வரவேண்டும். பழைய பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்கவேண்டும். இரண்டாம் திருமணத்தைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் காமநாயக்கன்பட்டியில் பிறந்தவள் கொழும்பில் மணம் முடித்தாள் என்று ஓரக்குறிப்பு ஒன்று சொல்லிவிடும் என்றால், சந்ததி தேடுபவருக்கு வேறென்ன வேண்டும்? அந்தக் குறிப்பு ஒழுங்காக ஏறியிருப்பது அந்தந்தப் பங்குச் சாமியாரின் பொறுப்புணர்ச்சியைப் பொறுத்தது.

நகரத்தார் செய்தது இன்னும் சாமர்த்தியம். ஒன்பது நகரக் கோயில்களில், மணமான ஒவ்வொரு ஆணையும் ஒரு புள்ளியாக எண்ணி வரி வாங்கினார்கள். பர்மாவில் இருந்தாலும் மலாயாவில் இருந்தாலும் புள்ளி புள்ளிதான். சடங்கை எழுதாமல் குடும்பத்தை எழுதிய கணக்கு அது. பெண்ணைத் தனிப்புள்ளியாக எண்ணாத குறை அதற்கும் உண்டு.

தாளின் குறைகளைப் பேசியாயிற்று. தேடல் உயிரோடு இருப்பவர்களை என்ன செய்யும் என்பது தனிக்கேள்வி. 1950இன் அட்டவணைச் சாதியினர் ஆணை, கிறிஸ்தவர்களை அந்தப் பட்டியலுக்கு வெளியே வைத்தது. தமிழ்நாட்டில் மதம் மாறிய அட்டவணைச் சாதியார் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு வரி, ஒரு குடும்பத்தின் படிப்பையும் வேலையையும் தொடக்கூடியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புதுச்சேரி வழக்கு ஒன்றில் அட்டவணைச் சாதிச் சான்றை மறுத்தபோது, திருமுழுக்குப் பதிவும் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சட்டம் நியாயமா என்பது வேறு விவாதம். நியாயமில்லை என்று நினைப்பவன் நான். இந்தச் சட்டம் இருக்கும்வரை, வெளிநாட்டுப் பேரன் ஆசையோடு வரைந்து இணையத்தில் ஏற்றும் வம்சாவளி, ஊரிலிருக்கும் சித்தப்பா மகளின் சான்றிதழுக்கு எதிராக ஒருநாள் எடுத்து நீட்டப்படலாம். ஏட்டின் பழைய பக்கங்களில் சாதியும் எழுதியிருக்கிறது. எவர் வீட்டை எவர் என்னவென்று அறிவது என்பதில் நம் ஊர்கள் இன்னும் அவ்வளவு பெருந்தன்மை அடைந்துவிடவில்லை.

பதிவேட்டை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி வெளியுலகத்திலும் தீர்ந்தபாடில்லை. உலகெங்கும் பங்குப் பதிவேடுகளைப் படச்சுருளில் எடுத்துவந்தது மோர்மன் சபையாரின் யூட்டா மரபியல் சங்கம். இறந்தவர்களுக்கு அவர்கள் தங்கள் முறையில் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள் என்பதால், 2008இல் வத்திக்கான் தன் மறைமாவட்டங்களுக்குப் பதிவேடுகளைத் தரவேண்டாம் என்று எழுதியது. சங்கடம்தான், ஆனால் பல நாடுகளில் கரையான் தின்று முடித்த ஏடுகளுக்கு இன்று மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி அந்தச் சுருளில் இருக்கிறது.

நம் ஏடுகளுக்கும் பிரதி எடுக்கத்தான் வேண்டும், அதுவும் சீக்கிரம். 2003இல் தூத்துக்குடி-நாசரேத் தனித் திருமண்டலமாகப் பிரிந்தது. 2019இல் தென்காசி தனி மாவட்டமானது. ஒரு தேடலுக்கு இப்போது எத்தனையோ அலுவலகப் படிகள். பிரதி எடுப்பவர்கள் கட்டத்தில் இருப்பதை இருந்தபடி எழுதட்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தில் கோடு இருந்தால் கோடே போடட்டும். ஊரில் மிஞ்சியிருக்கும் ஆச்சிமாரிடம் எந்த வீட்டு ஞானமுத்து என்று கேட்டுத் தனிக்குறிப்பில் சேர்க்கட்டும். குலசாமி கோயிலுக்குப் போகும் கிளையையும் கேட்கட்டும்; வேலாயுதம் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. இங்கிலாந்தில் குடிமதிப்புத் தாளை நூறாண்டு மூடிவைத்துத்தான் திறக்கிறார்கள். நாமும் நூறாண்டு கடந்த பக்கங்களை எல்லோருக்கும் திறக்கலாம். அதற்குப் பிந்தியவை சேகரத்துப் பீரோவிலேயே பூட்டில் இருக்கட்டும். கேட்டு வருபவர் தன் வீட்டு வரியை மட்டும் எழுதி வாங்கிப் போகட்டும்.