தர்ஸ்டனின் அளவுகோலும் இருளர் பெரியவரின் விரலும்

எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும்' நூலை (1909, ஏழு தொகுதிகள்) நம்மவர்கள் ரெண்டு விதமாகத்தான் படிக்கிறார்கள். சொந்தச் சாதிப் பெருமைக்குச் சான்று தேடுவது ஒன்று. காலனியச் சரக்கு என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது இன்னொன்று. ரெண்டுமே சோம்பேறி வாசிப்பு. என்னை உறுத்துவது அவருடைய முடிவுகள்கூட இல்லை, முறைதான். 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த மனிதர், ஒரு சமூகத்தைத் தெரிந்துகொள்ள அளவுக் கருவியைக் கையில் எடுத்தார். இருளர் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். நீலகிரி இருளர், செங்கல்பட்டு இருளர் எனப் பிரித்து மூக்கின் அகலக் கணக்கு வரும். பாம்பு, கிழங்கு, தேன், மூலிகை பற்றிய செய்திகளும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவை 'பழக்கவழக்கம்' ஆகிவிடுகின்றன. மூக்குதான் 'அறிவியல்'.

அது அந்தக் காலம் என்று விட்டுவிடலாமா? விட முடியவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறைபாட்டு வகைகளை ஏழிலிருந்து 21 ஆக்கியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பல சலுகைகளின் வாசலில் நிற்பது ஒரே எண், 40 சதவீதம். மதிப்பிடும் மருத்துவரைத் தர்ஸ்டனோடு ஒப்பிடுவது அநியாயம். அவர் உதவி செய்ய அளக்கிறார், இவர் வகைப்படுத்த அளந்தார். இருந்தாலும் அளக்கப்படுகிறவரிடம் கேட்காமல் விட்டுப்போகும் கேள்வி ஒன்றேதான்: இந்த உடம்பை வைத்து நீங்க என்ன வேலை செய்றீங்க?

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் வியாபாரம் நின்றுபோனது, பிழைப்பும் போனது. ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. வடநெம்மேலியில் இன்றும் நடக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். இந்தியாவில் விஷமுறிவு மருந்துக்குப் போகும் விஷத்தில் பெரும்பகுதி இங்கிருந்துதான். விரியன் விஷம் சதையை அழுகவைக்கும். கடிபட்ட விரலை எடுக்க வேண்டிவரும். பாம்புக்கடியால் சாகிறவர்களைப்போல மூன்று மடங்கு பேர் நிரந்தர ஊனத்தோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஒற்றை விரல் இழப்பு அந்த 40-ஐ எட்டாது. கணினியில் தட்டச்சு செய்யும் எனக்கு ஒரு விரல் போனால் தொந்தரவு, அவ்வளவுதான். வளைக்குள் கைவிட்டு, மண்ணைத் தொட்டு, பாம்பின் வாலைப் பிடிக்கிறவருக்கு? அட்டவணைக்கு ரெண்டு விரலும் ஒண்ணுதான்.

'விழிப்புணர்வு' என்ற சொல்மீதும் எனக்குச் சந்தேகம் உண்டு. அது எப்போதும் மேலிருந்து கீழே பாய்கிறது. காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் வளாகத்தில் 2022-இல் திறந்த 'சாத்தியங்களின் அருங்காட்சியகம்' உண்மையிலேயே நல்ல இடம். வீட்டில், வேலையில், விளையாட்டில் என்னென்ன துணைக்கருவிகள் உதவும் என்று தொட்டுப் பார்க்கலாம். மயிலாப்பூர்க்காரர்கள் ஒருமுறையாவது போய்ப் பார்க்கணும். ஆனால் அங்கே கற்பனை செய்யப்பட்ட வீடு சமதரை போட்ட நகரத்து வீடு. வரப்பில் கடப்பாரையோடு நடந்து முட்டி தேய்ந்த ஒரு கிழவருக்கான கருவி எப்படி இருக்கும் என்று யோசிக்க, அவரையே வடிவமைப்பு மேசைக்குக் கூப்பிட வேண்டியிருக்கும்.

அதே சாலையில் மெரினா மணலில் 2022 நவம்பரில் சக்கர நாற்காலிக்கான மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதை உடைத்தது, பிறகு சரிசெய்தார்கள். கடலுக்குப் போவது உரிமை என்று ஒரு நகரம் ஒப்புக்கொண்ட தருணம் அது, கிண்டல் செய்யாதீர்கள். மாசி மகத்துக்கு இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். புடவைகளைக் கட்டிக் கூடாரம் போட்டு, மணலில் படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிட்டு, விடியலில் கல்யாணம் முடிக்கிறார்கள். நடக்க முடியாத ஒரு பாட்டி அந்த அலைவரை எப்படிப் போவார்? அவர் மகன் தூக்கிக்கொண்டு போவார் என்பது பதில் இல்லை. மெரினாவில் நமக்கு அது பதிலாக இல்லையே.

சட்டம் ஓரிடத்தில் மட்டும் தலைகீழாக நடந்திருக்கிறது. வன உரிமைச் சட்டத்தின் விதிகள், உரிமை கோராத பெரியவர்களின் வாய்மொழியை எழுதிவைத்தால் அதையும் சான்றாக ஏற்கலாம் என்கின்றன. தர்ஸ்டனுக்கு இது பிடித்திருக்காது.

2017-இல் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் ஃபுளோரிடாவுக்குப் போய், முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். 2023-இல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. கைதட்டினோம், சந்தோஷம். அவர்கள் அறிவு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு வேண்டியிருந்தது. செங்கல்பட்டில் அடுத்து நடக்கும் மாற்றுத்திறனாளி மதிப்பீட்டு முகாமில் எலும்பு மருத்துவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு இருளர் பெரியவரை உட்காரவைத்து, எந்த விரல் போனால் எந்த வேலை போகும் என்று கேட்டு எழுதினால் என்ன? படிவத்தில் ஒரு வரி கூடும், அவ்வளவுதானே.