மெர்சர் திரட்டிய கருவிகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மாவட்டத்தை ஒத்த நிருவாகப் பிரிவாகிய பக்ஸ் கவுண்டியில் 1880இல் தோன்றிய வரலாற்றுக் கழகத்தின் பெருஞ்செல்வம், டாயில்ஸ்டவுன் நகரிலுள்ள மெர்சர் அருங்காட்சியகமாகும். ஆலைப் பொருள்கள் பரவியதால் கைவினைஞர் கைவிட்ட கருவிகள் பழஞ்சாமான்களாகக் கழிக்கப்படுவதை 1897இல் கண்ட தொல்லியலாளர் ஹென்றி சாப்மன் மெர்சர், அகழ்ந்தெடுக்கும் தொல்பொருள்களுக்கு நிகரான சான்றுகளே அவை எனத் தெளிந்து, அவற்றைத் திரட்டத் தொடங்கினார். இழைப்புளிக்கும் நூற்பு இராட்டைக்கும் வரலாற்றில் இடமளித்த அந்தப் பார்வையே எல்லாவற்றினும் போற்றத்தக்கது.

தீக்கு இரையாகாதிருக்கும் பொருட்டு, இரும்புக் கம்பிகளை உள்ளே வைத்து வார்க்கும் வலுவூட்டிய கான்கிரீட்டால் அவர் எழுப்பி 1916இல் நிறைவுசெய்த கட்டடத்தின் நடுவே, பல மாடி உயரத்துக்குத் திறந்து நிற்கும் கூடத்தில், திமிங்கில வேட்டைப் படகும், கானஸ்டோகா எனப்படும் துணிக்கூரையிட்ட பார வண்டியும், தொட்டில்களும் நாற்காலிகளும் அந்தரத்தில் தொங்குகின்றன. தரையில் பார்த்துப் பழகிய பொருளை அண்ணாந்து காண நேர்வதால், அதன் அடிப்புறத்தில் தச்சன் செய்த இணைப்பு வேலைப்பாடும் கண்ணில் படுகிறது. வேறெந்த விளக்கப் பலகையாலும் தர இயலாத கல்வி இது. சுற்றிலுமுள்ள சிற்றறைகளில் கருவிகள் தொழில்வாரியாக வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டடத்தையும் தொகுப்பையும் அக்கழகமே இன்றும் பேணி வருகிறது.