கூட்டத்துள் ஒருவன்: கிங் விடோரின் திரைக்கலை

அமெரிக்கத் திரைப்படம் என்றதும் புகழ்மிக்க நடிகரின் முகமே நம் நினைவில் எழும். அத்தகைய படவுலகில், பெயர் விளங்காத எழுத்தன் ஒருவனைக் கதைத்தலைவனாக்கத் துணிந்தவர் இயக்குநர் கிங் விடோர் (1894–1982). மெட்ரோ-கோல்டுவின்-மேயர் நிறுவனத்துக்காக அவர் 1925-இல் எடுத்த ‘தி பிக் பரேடு’ என்னும் போர்ப்படம் பெரும்பொருள் ஈட்டியது. அவ்வெற்றி தந்த செல்வாக்கினால் விளைந்ததே 1928-இல் வெளிவந்த ‘தி கிரவுட்’ என்னும் பேசாப்படம்.

கதை எளியது. பெரியவனாவோம் என்ற கனவோடு நியூயார்க் வரும் ஜான், காப்பீட்டு நிறுவனமொன்றில் எழுத்தனாகிறான். கேமரா வானளாவிய கட்டடத்தின் மீதேறி, சாளரத்தினுள் புகுந்து, வரிசை வரிசையான மேசைகளுக்கு மேலே நகர்ந்து, 137-ஆம் எண் மேசையில் அவனைக் காண்கிறது. மனிதன் எண்ணாகிவிடும் அவலத்தை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

விளம்பரப் பலகை சுமந்து தெருவில் நிற்கும் கோமாளியைப் பேருந்தின் மேல்தளத்திலிருந்து எள்ளி நகைக்கிறான் ஜான். பின்னர் மகளை விபத்தில் இழக்கிறான், வேலையைத் துறக்கிறான், சாகவும் துணிகிறான். சிறுமகனின் அன்பு அவனை மீட்க, தான் எள்ளிய அதே கோமாளி வேடத்தையே பிழைப்பாக ஏற்கிறான். இறுதியில் மனைவி மகனோடு அரங்கில் அமர்ந்து சிரிக்கிறான். கேமரா பின்வாங்க, சிரிப்போர் திரளில் அவன் மறைகிறான்.

இதனைத் தோல்வி என்பாரும் உளர். அது பொருந்தாது. தொடக்கத்தில் கூட்டம் அவனை எண்ணாக்கிற்று. முடிவில் அதே கூட்டம் அவனுக்குத் துணையாகிறது. தன்னைத் தனிப்பிறவி என்று எண்ணியிருந்த செருக்கு நீங்கிய பின்னரே அவனால் அயலானோடு சேர்ந்து சிரிக்க முடிகிறது. அகப்பாடல் தலைவனுக்குப் பெயர் சுட்டாத மரபை அறிந்த நமக்கு இவ்வுண்மை புதிதன்று.

ஜானாக நடித்த ஜேம்ஸ் மர்ரி, துணைநடிகர் கூட்டத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டவர். படம் தந்த ஆறுதல் அவர் வாழ்வில் வாய்க்கவில்லை. குடியால் வாய்ப்பிழந்த அவர், 1936-இல் ஹட்சன் ஆற்றில் மூழ்கி இறந்தார்.

விடோர் தம் தலைவனை மறக்கவில்லை. வேலையற்ற ஜானையும் மேரியையும் உழவர்களாக்கி, ‘அவர் டெய்லி பிரெட்’ (1934) படத்தை நிறுவனங்கள் மறுத்தபோதும் தாமே பணம் திரட்டி எடுத்தார். வறண்ட பயிருக்கு மக்கள் ஒன்றுகூடி வாய்க்கால் வெட்டும் காட்சி அதன் உச்சம்.

பின்னர் வந்த ‘டூயல் இன் தி சன்’ (1946), ‘வார் அண்ட் பீஸ்’ (1956) ஆகியவற்றில் திரை விரிந்தது, மனிதன் சிறுத்தான். 1979-இல் விடோருக்குச் சிறப்பு ஆஸ்கர் அளிக்கப்பட்டது. எனினும் அவரது புகழ் நிலைத்து நிற்பது அந்த 137-ஆம் மேசையின் மீதுதான்.