இறந்தவர்கள் திரும்பி வரும் நாவல்

கிறிஸ்டின் ஹானாவின் 'தி விமென்' (2024) நாவலைக் குறை சொன்னால் பதில் தயாராக இருக்கிறது: வியட்நாமில் பணியாற்றிய ராணுவ நர்ஸுகளை உலகமே மறந்துவிட்டிருந்தது, இவர்தானே நினைவூட்டினார்? காதல் இல்லாவிட்டால் யார் படிப்பார்கள்?

நினைவூட்டினார், மறுக்கவில்லை. ராணுவத்துக்குப் போன ஆண்களின் படங்களைச் சுவர் நிறைய மாட்டிவைத்திருக்கும் அப்பா, போர்முனையில் நர்ஸாக இருக்கும் மகள் பிராங்கி வெளிநாட்டில் படிப்பதாக ஊருக்குச் சொல்கிறார். அந்த ஒரு பொய்யிலேயே ஒரு நாட்டின் முகம் தெரிந்துவிடுகிறது.

என் குறை வேறு. ஹெலிகாப்டரிலிருந்து இறக்கியதும் காயம்பட்டவர்களைத் தரம் பிரிப்பார்கள். பிழைக்க வழியில்லாதவரை ஓரமாகக் கிடத்திவிடுவார்கள். அவருக்கு நர்ஸ் செய்யக்கூடியது, கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது. பிறகு அந்தக் கையை விட்டுவிட்டு அடுத்த ஸ்ட்ரெச்சருக்குப் போயாக வேண்டும். போனவர் போனவர்தான் என்பது இந்த வேலை கற்றுத்தரும் முதல் பாடம். ஹானாவுக்கு இது தெரியும். முன்பாதியில் நன்றாகவே எழுதியிருக்கிறார். பின்பாதியில் அந்தப் பாடத்தை அவரே அழிக்கிறார்.

பிராங்கியின் காதலன், விமானி ரை இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது, அவள் உடைந்துபோகிறாள். பிறகு அவன் போர்க்கைதியாக இருந்து உயிரோடு திரும்புகிறான், தன் மனைவி குழந்தையிடம். சரி, 1973இல் கைதிகள் திரும்பியது வரலாறு, விட்டுவிடலாம். ஆனால் அறுவை மருத்துவர் ஜேமி? அவனும் செத்துவிட்டான் என்றே அவளும் நாமும் நம்பியிருக்க, கடைசிப் பக்கங்களில் வந்து நிற்கிறான். ஒருவன் மீண்டால் அதிசயம். இருவர் மீண்டால் தொலைக்காட்சித் தொடர். நாம் சிந்திய கண்ணீரை ஆசிரியர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அதோடு, ஓரமாகக் கிடத்தப்பட்ட அத்தனை பையன்களின் சாவும் லேசாகிவிடுகிறது. பெயரில்லாதவர்கள் சாகலாம், காதலர்கள் மட்டும் சாகக்கூடாது என்றால் அது போர் நாவலா?

அந்தச் சந்திப்பு நடக்கும் இடம்தான் என்னை மிகவும் உறுத்துகிறது: 1982, வாஷிங்டன், வியட்நாம் நினைவுச்சுவர். அதில் இன்று 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். எட்டு பேர் பெண்கள். எட்டு பேருமே நர்ஸுகள். அவர்களில் ஷாரன் லேன், 1969 ஜூன் 8 அன்று சூ லாய் மருத்துவமனையில் வியட்நாமிய நோயாளிகளின் வார்டில் பணியிலிருந்தபோது ராக்கெட் விழுந்து இறந்தவர். வயது 25.

நாவலில் அந்தச் சுவர் காதலர்கள் சந்திக்கப் பின்னணியாக நிற்கிறது. ஷாரன் லேன் எந்த அத்தியாயத்திலும் திரும்பி வரமாட்டார்.