டாஸுக்கு முன்பே தொடங்கிவிடும் ஆட்டம்

மெகா சீரியலுக்கு டைட்டில் பாட்டு போடுகிறவரின் வேலை ஒருவகையில் சுலபம். கதாநாயகி கஷ்டப்படுவாள், மாமியார் படுத்துவார், கடைசியில் நல்லதே நடக்கும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதைப் பாட்டிலேயே சொல்லிவிடலாம். விளையாட்டு ஒளிபரப்புக்கு முகப்பிசை போடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. மழை வந்து ஆட்டம் கைவிடப்படலாம். 2020-ல் அடிலெய்டில் நடந்ததுபோல 36 ரன்னில் இந்திய இன்னிங்ஸ் சுருண்டு போகலாம். கடைசிப் பந்து சிக்ஸருக்குப் பறக்கலாம். எது நடந்தாலும் முன்னால் ஓடியது அதே இசையாகத்தான் இருக்கும். முடிவைப் பற்றி மூச்சு விடாமல் ஆவலை மட்டும் கிளப்பிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் என் பட்டியலில் முதலிடம் பிபிசியின் ஃபார்முலா 1 இசைக்குத்தான். ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 1977-ஆம் ஆண்டு ஆல்பமான ‘ரூமர்ஸ்’-இல் உள்ள ‘தி செயின்’ பாட்டிலிருந்து எடுத்தது அது. குழுவுக்குள் இருந்த ஜோடிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டிருந்த காலம். ஐந்து பேர் பெயரும் சேர்ந்து இடம்பெற்ற ஒரே பாட்டும் அந்த ஆல்பத்தில் அதுதான். காதல் முறிவைப் பற்றிய பாட்டுக்கும் கார் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்? முதல் மூன்று நிமிடங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அதன் பிறகு பாட்டு சட்டென்று அடங்கும். ஜான் மெக்வியின் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக, படியிறங்குவதுபோல சில சுரங்களை வாசிக்கும். மறுபடி அதையே வாசிக்கும். கீழே டிரம்ஸ் துடிக்க ஆரம்பிக்கும். அதன் பிறகுதான் லிண்ட்ஸி பக்கிங்ஹாமின் கிட்டார் பாய்ந்து வரும்.

பந்தயத் தொடக்கமும் அப்படித்தான். கார்கள் ஒரு சுற்று மெதுவாக வலம் வந்து, ஒவ்வொன்றாகத் தன் கட்டத்தில் நின்று, இன்ஜினை உறுமவிட்டுக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புதான் பேஸ் கிட்டார். கார்கள் சீறிக் கிளம்புவதுதான் கிட்டார். 1978-ல் இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும், குரலை முழுக்க வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டதில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது. 1997-ல் ஒளிபரப்பு உரிமை ஐடிவிக்குப் போனதும் இசையும் போனது. 2009-ல் உரிமையைத் திரும்பப் பெற்ற பிபிசி, அதே பேஸ் கிட்டாரையும் மறக்காமல் கூட்டிவந்தது.

கிரிக்கெட்டுக்கு வருவோம். பிபிசி தொலைக்காட்சி பல்லாண்டுகள் டெஸ்ட் ஆட்டங்களுக்கு முன்னால் ஒலிக்கவிட்டது ‘சோல் லிம்போ’. இந்த இசையைக் கேட்டவுடன் கரீபியக் கடற்கரையும், மைக்கேல் ஹோல்டிங்கின் நீண்ட ரன்-அப்பும், பபுள்கம்மை மென்றபடி நடந்துவரும் விவ் ரிச்சர்ட்ஸும் கண்முன் வருவார்கள். ஆனால் வாசித்தவர்கள் கரீபியர்கள் அல்லர். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் இயங்கிய புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் குழு 1968-ல் வெளியிட்ட இசை அது. ஆரம்பத்தில் டொக் டொக்கென்று கேட்கிறதே அந்தக் கௌபெல், அதைத் தட்டியவர் பின்னாளில் பெரும் புகழ் பெற்ற ஐசக் ஹேய்ஸ். கிரிக்கெட்டோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பிறகு எப்படி அவ்வளவு பொருந்தியது? வேகம்தான் காரணம் என்பேன். ‘சோல் லிம்போ’ துள்ளும், ஆனால் அவசரப்படாது. ஐந்து நாள் இருக்கிறது, உட்கார் என்கிற தோரணை அதில் உண்டு. 1999-ல் உரிமை சேனல் 4-க்குக் கைமாறியது. அவர்கள் கொண்டுவந்தது லூ பேகாவின் ‘மாம்போ நம்பர் ஃபைவ்’. இசையாகப் பார்த்தால் டெஸ்ட்டுக்குக் கொஞ்சமும் பொருந்தாத கல்யாண ரிசப்ஷன் குத்துப்பாட்டு. ஆனாலும் 2005 ஆஷஸ் தொடரை அந்த இசையோடு பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, அதைக் கேட்டால் ஃபிளின்டாஃப் ஞாபகம்தான் வருகிறது. நல்ல ஆட்டம் சுமாரான இசையையும் தூக்கி நிறுத்திவிடும். பிபிசி வானொலியின் ‘டெஸ்ட் மேட்ச் ஸ்பெஷல்’ ‘சோல் லிம்போ’வைத் தத்தெடுத்துக்கொண்டது நம் அதிர்ஷ்டம்.

கால்பந்தில் ‘மேட்ச் ஆஃப் தி டே’ நிகழ்ச்சிக்கு பாரி ஸ்டோலர் எழுதிய டிரம்பெட் இசை 1970-லிருந்து ஒலிக்கிறது. அதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. சனிக்கிழமை இரவு வந்துவிட்டது என்று சொல்வது அதன் வேலை. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதைச் சரியாகச் செய்கிறது.

சாம்பியன்ஸ் லீக் கீதம் வேறு ரகம். 1992-ல் ஐரோப்பியக் கோப்பைக்குப் புதுப் பெயரும் புது வடிவமும் கொடுத்தபோது, யூஇஎஃப்ஏ அமைப்பு டோனி பிரிட்டன் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரிடம் போனது. அவர் கைவைத்தது ஹேண்டலின் ‘ஸேடாக் தி பிரீஸ்ட்’ மீது. 1727-ல் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டுக்காக எழுதப்பட்டு, அதன் பிறகு பிரிட்டனின் ஒவ்வொரு முடிசூட்டு விழாவிலும் பாடப்படும் இசை. அதன் சாயலில், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றையும் கலந்து ஒரு கீதம் தயாரானது. வரிகள் பெரும்பாலோருக்குப் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. கோயிலில் சுவாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்களே, அதற்கு சாகித்யம் கிடையாது. ஆனால் தெருக்கோடியில் நிற்பவருக்கும் புறப்பாடு தெரிந்துவிடும். இந்தக் கீதத்தின் வேலையும் அதுவே. இரண்டு அணிகளும் வரிசையாக நிற்க, கேமரா ஒவ்வொரு முகமாக நகரும்போது, போன வாரம் வரை சாதாரண லீக் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தவர் முடிசூட வந்தவர்போலத் தெரிகிறார்.

இந்த இசையின் பலம் எனக்கு முழுசாகப் புரிந்தது அதைக் கொண்டாடியவர்களால் அல்ல, எதிர்த்தவர்களால். யூஇஎஃப்ஏ விதித்த அபராதங்களால் கொதித்துப்போன மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள், தங்கள் மைதானத்தில் கீதம் ஒலிக்கும்போதெல்லாம் ‘பூ’ என்று கூச்சல் போட்டார்கள். 2015-ல் அதற்காக ஒழுங்கு விசாரணையே தொடங்கி, பிறகு யூஇஎஃப்ஏ கைவிட்டது. சின்னத்தைப் பார்த்துக் கத்தவில்லை, அதிகாரியைப் பார்த்துக் கத்தவில்லை, இசையைப் பார்த்துக் கத்தினார்கள். அமைப்பும் அதன் இசையும் அவர்களுக்கு அந்த அளவுக்கு ஒன்றாகிவிட்டன.

முடிவைச் சொல்லக் கூடாது என்று ஆரம்பத்தில் சொன்னேன். அதை மீறியும் ஜெயித்த ஓர் இசை உண்டு. 1990 உலகக் கோப்பைக்கு பிபிசி எடுத்துக்கொண்டது பவரொட்டி பாடிய ‘நெஸ்ஸுன் டோர்மா’. பூச்சினியின் ‘டூரன்டாட்’ ஓபராவில் நாயகன், நான் வெல்வேன் என்று உச்சஸ்தாயியில் முழங்கும் இடம். இங்கிலாந்து வெல்லவில்லை. டூரின் அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றது; இங்கிலாந்து வீரர் காஸ்கோயின் அழுதார். ஆனால் வெற்றிக்காக வைத்த இசை அந்தத் தோல்வியைத்தான் காவியமாக்கியது. இந்த மாயம் ஒரு மாதப் போட்டிக்குத் தாங்கும். வருடம் முழுக்க, வாரா வாரம் கேட்டால் திகட்டிவிடும்.

இனி நம் ஊர் சங்கதி. இந்தியாவில் நடக்கும் சர்வதேச ஆட்டங்களின் முகப்பிசை எது என்று கேட்டால் உங்களால் முணுமுணுக்க முடிகிறதா? என்னால் முடியவில்லை. தூர்தர்ஷன், நியோ, ஸ்டார், வயாகாம்18 என்று உரிமை கைமாற இசையும் மாறியது. கனடாவில் இதைவிடப் பெரிய கூத்து நடந்திருக்கிறது. இரண்டாம் தேசிய கீதம் என்றே மக்கள் சொன்ன, டொலோரஸ் கிளாமன் 1968-ல் எழுதிய ‘ஹாக்கி நைட் இன் கனடா’ இசையை, 2008-ல் சிபிசி தக்கவைக்கத் தவறியது. போட்டி நிறுவனமான சிடிவி வாங்கிப் போனது. ஆட்டம் ஒரு சேனலில், அதன் இசை இன்னொரு சேனலில்!

நம்மிடம் நிலைத்திருப்பது ஐபிஎல் எக்காளம் ஒன்றுதான். அது ஊதினால் சேப்பாக்கம் பதில் கத்தும், வான்கடேயும் கத்தும். சோனியிடமிருந்து ஸ்டாருக்கு ஐபிஎல் போனபோதும் அது மாறவில்லை. காரணம், அது எந்த சேனலுக்கும் சொந்தமாக இல்லாமல் மைதானத்தோடும் போட்டியோடும் ஒட்டிக்கொண்டது. சாம்பியன்ஸ் லீக் கீதத்தின் கதையும் அதேதான். கீதம் யூஇஎஃப்ஏவுக்குச் சொந்தம். யார் ஒளிபரப்பினாலும் ஒலிப்பது அதுதான். ‘சோல் லிம்போ’வும் ‘தி செயி’னும் அலைக்கழிந்ததற்குக் காரணம், அவற்றை சேனல்கள் வைத்திருந்தன, ஆட்டத்தை நடத்துகிறவர்கள் வைத்திருக்கவில்லை.

ஆகவே இந்தியக் கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள். உள்நாட்டு ஆட்டங்களுக்கான இப்போதைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 2028 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் அரை நிமிட இசை ஒன்றைத் தயார் செய்யுங்கள். பாட்டு வேண்டாம், நட்சத்திரப் பாடகர் வேண்டாம், கோப்பையை அள்ளிவருவோம் என்ற வீராவேசமும் வேண்டாம். அதை வாரியத்தின் சொத்தாக வைத்துக்கொண்டு, யார் உரிமை வாங்கினாலும் டாஸுக்கு முன் விளம்பரம் குறுக்கிடாமல் அதை முழுசாக ஒலிக்கவிட வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து சேருங்கள். பிறகு பத்து வருடம் அதில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.