தயிர்ச் சட்டியில் ஒரு பாலைவன மரம்

பொன்சாய் வளர்க்க ஆசைதான், ஆனால் அதற்குப் பொறுமையும் காசும் யாரிடம் இருக்கிறது என்று சொல்பவர் யாரைக் கண்டாலும் நான் விடுவதில்லை. கையோடு வீட்டுக்கு அழைத்துவந்து, மதில்மேல் வரிசையாக நிற்கும் என் அடேனியங்களைக் காட்டிவிடுவேன். பாலைவன ரோஜா என்று நாற்றுமேடைகளில் எழுதிவைத்திருப்பார்களே, அதே செடிதான். ஆனால் அங்கே கறுப்புப் பொலித்தீன் பையில் வாடி நிற்பது வேறு, ஐந்தாறு வருடம் கைபட்டு வளர்ந்து நிற்பது வேறு.

உயரம் ஒரு முழம்கூட இராது. அடி பருத்து உருண்டிருக்கும். அதிலிருந்து விரல் தடிப்பில் வேர்கள் மண்ணுக்கு மேலேயே புடைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நெளிந்து இறங்கும். மேலே போகப்போகச் சட்டென்று ஒடுங்கி நாலைந்து கிளையாகப் பிரியும். கிளை நுனியில் மட்டும் பளபளக்கும் ஓர் இலைக்கொத்து. இவ்வளவையும் பார்த்தால் ஏதோ நூறு வயது மரத்தைச் சுருக்கிவைத்தது என்றுதான் தோன்றும். அதன் தலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஐந்து இதழ்ப் பூக்கள்! விளிம்பில் கடும் ரோஜா நிறம், உள்ளே போகப்போக வெளிறி, தொண்டையில் மஞ்சளும் சிவப்புக் கோடுகளும். முதல்முறை பார்த்த என் மாமியார், "இது என்னம்மா, மரமா கிழங்கா?" என்று கேட்டார். இரண்டும்தான் மாமி என்றேன். அதுதான் இந்தச் செடியின் முழு அழகும்.

சகாராவுக்குத் தெற்கே நீளும் வரண்ட நிலம், கிழக்கு ஆபிரிக்கா, அரேபியா. இவைதான் இதன் தாய்மண். யேமனில் இதைக் கண்ட போர்ஸ்கால் என்ற தாவரவியலாளர் அலரி இனத்தோடு சேர்த்தே எழுதிவைத்தார். அவர் இறந்தபின் 1775இல் அந்தக் குறிப்புகள் அச்சாயின. அடேனியம் என்ற தனி இனமாகப் பிரிக்கப்பட்டது 1819இல்தான். பூவைப் பார்த்தால் போர்ஸ்கால்மீது எந்தக் குறையும் சொல்ல முடியாது, அப்படியே அலரியின் சாயல். நம் வீட்டு நித்தியகல்யாணியும், விகாரை வாசல்களில் நிற்கும் அரலிய மரமும் இதே குடும்பம்தான். குடும்பக் குணமும் உண்டு. எங்கே கீறினாலும் பால் வடியும், அந்தப் பால் நஞ்சு. ஆபிரிக்க வேடர்கள் அம்பு நுனியில் பூசியது இதைத்தான். ஆகவே சிறுபிள்ளைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். வெட்டி முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், அதற்குமுன் கண்ணைத் தேய்க்காதீர்கள். இதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை.

இதெல்லாம் பொன்சாய் ஆகுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முறைப்படி பயின்றவர்கள் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தண்டில் வைரம் பாயாது, இலை சிறுக்காது, கிளைகள் ஊசி ஊசியாகப் பிரியாது என்பார்கள். மூன்றும் உண்மைதான். ஆனாலும் நான் அவர்கள் பக்கம் இல்லை. 1923 நிலநடுக்கத்தில் தோக்கியோவை விட்டு வெளியேறிய பொன்சாய்க்காரர்கள் 1925இல் ஓமியாவில் ஒரு கிராமமே அமைத்தார்கள். அங்கே வளரும் ஊசியிலை மரங்களுக்கும் மேப்பிளுக்கும் குளிர்காலம் வேண்டும், உறங்கி எழ ஒரு பருவம் வேண்டும். எங்கள் ஊரான தெல்தெனியவில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? ஒரு மரத்தைச் சின்னச் சட்டியில் வைத்து, வேரையும் கிளையையும் கையால் நடத்தி, அதன் முதுமையைக் கண்முன் கொண்டுவருவதுதான் பொன்சாய் என்றால், அடேனியம் நூற்றுக்கு நூறு பொன்சாய். அத்தோடு பூவும் தருகிறது. ஊசியிலை மரம் தருமா?

கண்டி என்றதும் செடிப் பைத்தியங்கள் எல்லோருக்கும் பேராதனைப் பூங்காதான் நினைவுக்கு வரும். 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிவைத்தது, 147 ஏக்கர், மகாவலி வளைத்து ஓடும் ஈர நிலம். ஆனால் அங்கிருந்து கிழக்கே மகியங்கனை வீதியில் வந்து, தென்னக்கும்புரையும் திகனையும் கடந்துவிட்டால் காற்றே மாறிவிடும். தென்மேல் பருவக்காற்று மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, எங்கள் தும்பறைப் பள்ளத்தாக்குக்கு வெறும் காற்றாக வந்துசேரும். ஆனி, ஆடியில் கண்டியில் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறினால் தெல்தெனியவில் கண் கூசும் வெயிலில் இறங்கலாம். காய்கறிக்காரர்கள் இந்தக் காற்றைத் திட்டுவார்கள். நான் கும்பிடுகிறேன். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியால நேர் வெயில், ஓயாத காற்று, 10 பாகைக்குக் கீழே இறங்காத இரவு. அடேனியம் கேட்பது இவ்வளவுதான், இத்தனையும் இங்கே இலவசம்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் செடி பெரும்பாலும் சாவது அன்பினால்தான். தினமும் ஊற்றி ஊற்றிக் கொன்றுவிடுவார்கள். எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது எளிது. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் இருக்கிறது. 122 மீற்றர் உயர அணையைக் கட்டி 1985இல் திறந்தார்கள், ஊர் மேட்டுக்கு வந்தது. மழையில் அது நிரம்பித் தளும்பும். கடும் வரட்சியில் இறங்கி, பழைய கட்டடங்களின் அடிச்சுவர்கள் தலைகாட்டும். அடேனியத்தின் பருத்த அடியும் அப்படி ஒரு நீர்த்தேக்கம்தான். மழைக்கு நிரம்பும், வரட்சிக்கு எடுத்துச் செலவழிக்கும். ஆகவே நாட்காட்டியைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெருவிரலால் அடியை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் திரும்பிப் போங்கள். மண்ணும் முழுதாகக் காய்ந்து, அடியும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் துவாரத்தால் வழியுமட்டும் தாராளமாக ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் அடி மெத்தென்று ஆனால் அது தாகம் அல்ல, அழுகல். உடனே பிடுங்கி, அழுகியதைச் சுத்தமான கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, நிழலில் நன்றாக உலரவிடுங்கள். அதிலிருந்தும் எழுந்து வரும் செடி இது!

ஐப்பசி, கார்த்திகையின் மாலை இடிமழையும் அதன்பின் மார்கழி, தை மழையும்தான் இங்கே ஒரே தொல்லை. அப்போது என் செடிகள் எல்லாம் ஒளி புகும் கூரைத்தகட்டுக்குக் கீழே போய்விடும். இலை கொட்டும். கொட்டட்டும், அது ஓய்வெடுக்கிறது. மொட்டையாக நிற்கும் அந்த நாட்களில்தான் மரத்தின் வடிவத்தை நன்றாகப் பார்க்கலாம்.

மண் என்று நாங்கள் சொல்வதில் மண்ணே அதிகம் இராது. சலித்த பருமணல், உடைத்த ஓட்டுத் துண்டு, உமிக்கரி, பொச்சுத் துண்டு, மக்கிய கூட்டெரு கொஞ்சம். ஊற்றிய தண்ணீர் உடனே கீழே இறங்க வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். பசளைக்கு நீர்த்த அல்பேட் கரைசல் போதும். யூரியாவைக் காட்டாதீர்கள், இலையாகத் தள்ளிப் பூவை மறந்துவிடும்.

சட்டி! இதைச் சொல்லாமல் இருக்கவே முடியாது. பொன்சாய்ச் சட்டிக்குக் கடைகளில் கேட்கும் விலையைக் கேட்டு மனம் விட்டுவிட்டீர்களா? எருமைத் தயிர் வாங்குகிறோமே, அந்த மண்சட்டியை எடுத்துப் பாருங்கள். வாய் அகலம், ஆழம் குறைவு, சுட்ட மண், ஈரத்தைத் தானே வெளியே விடும். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாகச் சுற்றும் துளைகருவியால் அடியில் இரண்டு மூன்று ஓட்டை போட்டுவிட்டால் இளம் அடேனியத்துக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. செடி பெருத்த பிறகு கேகாலை மொலகொடைப் பக்கம் வீதியோரம் அடுக்கிவைத்திருக்கும் அகலச் சட்டிகளில் ஒன்று.

இனி, என் வருடத்தின் மிகப் பெரிய சந்தோஷம். மாசி வெயில் ஏறியதும் வேர் தூக்கும் வேலை. சில நாட்கள் தண்ணீரை நிறுத்திவிட்டு, சட்டியைச் சரித்துத் தட்டினால் செடி மண்ணோடு கழன்று வரும். குச்சியால் மண்ணை உதிர்த்து, குழாயடியில் பிடித்தால், ஒரு வருடமாக இருட்டுக்குள் அது செய்துவைத்த வேலை கைக்குள் வந்து விழும். பால்வெள்ளை நிறத்தில் கொழுத்த வேர்கள், சில நேராக, சில ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு! நேர்கீழே போகும் வேரையும் மயிர் வேர்களையும் குறைத்துவிட்டு, பக்கவாட்டில் ஓடுபவற்றை வைத்துக்கொள்வேன். வெட்டிய இடமெல்லாம் பால் துளிர்த்து நிற்கும். துடைத்துவிட்டு கறுவாத்தூளைத் தடவுவேன். பிறகு நிழலில், காற்றோட்டத்தில், வெட்டுக்காயம் தோல் கட்டிக் காயும்வரை சும்மா கிடக்கும். மண் இல்லாமல், தண்ணீர் இல்லாமல். அதற்கு ஒன்றும் ஆகாது.

திரும்ப நடும்போதுதான் கைவேலை. சட்டிக்குள் ஒரு தட்டையான ஓட்டுத் துண்டை வைத்து, அதன்மேல் செடியை இருத்தி, வேர்களை நாலாபுறமும் விரித்து, சென்ற வருடம் இருந்ததைவிட ஒரு விரல் உயர்த்தி நடுவேன். அந்த ஒரு விரல்தான் எல்லாம். புதைந்திருந்த வேர் புதிதாக வெளியே வந்து வெயிலைப் பார்க்கிறது. இளந்தோல் அல்லவா, முதல் சில கிழமைகளுக்கு நேர் வெயில் பட்டால் பொசுங்கிவிடும், ஆகவே நிழல் வலை. பிறகு அந்த வெள்ளைத்தோல் மெல்ல மெல்லச் சாம்பல் பச்சையாகி, தடித்து, தண்டோடு தண்டாகிவிடும். வருடத்துக்கு ஒரு விரல் என்று உயர்த்திக்கொண்டே போனால், நீங்கள் நட்ட சின்ன நாற்று ஒரு பழைய ஆலமரத்தின் கம்பீரத்தோடு வேர்மேல் எழுந்து நிற்கும். இதைக் கண்ணால் பார்த்த பிறகு வேறு செடியை எப்படி மனம் நாடும்?

கிளையையும் அதே மாசியில் தயங்காமல் குறையுங்கள். நுனியை வெட்டினால் வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று தளிர் வெடிக்கும். பூ வருவது கிளை நுனியில்தான், ஆகவே நுனி பெருகினால் பூவும் பெருகும். சித்திரை இடிமழையின் முதல் ஈரம் பட்டு, அதன்பின் வெயில் நிலைத்ததும் மொட்டுகள் கிளம்பும். திருகிவிட்டது மாதிரி முறுக்கிய மொட்டு, நாளுக்கு நாள் முறுக்கு அவிழ்ந்து ஒரு காலையில் விரிந்துவிடும்.

விதை வேண்டுமானால் நாமே மகரந்தம் சேர்க்க வேண்டும். மகரந்தப் பைகள் ஒன்றுசேர்ந்து கூம்பாகி, சூல்முடியை உள்ளே ஒளித்துவைத்திருக்கும். பூக்குழலின் ஒரு பக்கத்தைக் கிழித்துத் திறந்து, மெல்லிய தூரிகையால் தொட்டு எடுத்து இன்னொரு செடியின் பூவில் வைப்பேன். பிடித்தால் இரட்டைக் கொம்பாகக் காய் வரும். காய்த்ததும் நூலால் சுற்றிக் கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் வெடித்து, இரு முனையிலும் பஞ்சு வைத்த விதைகள் விக்டோரியாக் காற்றில் அக்கரைக்கே போய்விடும். புதிய விதை ஒரு கிழமைக்குள் முளைக்கும். முளைக்கும்போதே அடி பருத்திருக்கும், தொட்டால் குழந்தையின் விரல்தான்!

பூச்சி என்று பார்த்தால் மாவுப்பூச்சி வரும், மொட்டில் அசுவினி வரும். அலரி இலை தின்னும் பெரிய பச்சைப் புழு ஒன்றும் உண்டு. தலைக்குப் பின்னால் நீலக் கண்கள் மாதிரி இரண்டு புள்ளி. ஓர் இரவில் செடியை மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்து வெளி அலரியில் விட்டுவிடுங்கள். இலை திரும்ப வரும். அந்தப் புழு வளர்ந்து ஆகும் பச்சை அந்துப்பூச்சியின் அழகுக்காக அதை நான் கொல்வதில்லை.

ஒட்டுச் செடி வாங்கலாமா என்று கேட்பார்கள். தாய்லாந்திலும் தாய்வானிலும் உருவாக்கிய அடுக்கிதழ் வகைகள், கறுப்புச் சிவப்பு, மஞ்சள், வரி போட்டது என்று கண்ணைப் பறிக்கும். பூவுக்காக என்றால் வாங்குங்கள். பொன்சாய்க்கு என்றால் நான் விதைச் செடியையே சொல்வேன். ஒட்டுப் போட்ட இடத்தில் விழும் வீக்கம் தண்டின் ஓட்டத்தைக் கெடுத்துவிடும். தண்டு நட்டு வளர்த்ததும் வேண்டாம், விதைச் செடியின் அந்த உருண்ட அடி அதற்கு இலேசில் வராது. அரேபிய வகை கிடைத்தால் விடாதீர்கள். பூ கொஞ்சம் சிறிது, ஆனால் அடியிலேயே பல தண்டாகப் பிரிந்து, குட்டையாக, தானாகவே மரமாக வரும்.

உங்கள் வீட்டில் வெயில் விழும் ஒரு மதில், ஒரு படிக்கட்டு, தண்ணீர்த் தாங்கியின் மேல்தட்டு ஏதாவது இருந்தால் வருகிற மாசிக்கு ஒரு நாற்று வாங்கி வையுங்கள். வாங்கப் போகும்போது பூவைப் பார்த்து மயங்காதீர்கள். குனிந்து அடியை அழுத்துங்கள். கல்லாக இருந்தால் காசைக் கொடுங்கள்.