சுவரும் சட்டமும்

சுவரிலே எழுதினால் குற்றவாளி. அதே கை துணியிலே தீட்டினால் மேதை! சொல்லலங்காரத்துக்காக இதைச் சொல்லவில்லை நாம். ழான் மிஷேல் பாஸ்கியாவின் வாழ்வே இதுதான்.

1960இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். தந்தை ஹைத்தி நாட்டவர். தாய் போர்ட்டோ ரிக்கோ வழியினர். பள்ளித் தோழர் அல் டயசுடன் கூடி, 1978 வாக்கில், மன்ஹாட்டன் சுவர்களில் 'சேமோ' என்று ஒப்பமிட்டுக் குத்தல் மொழிகள் தீட்டினார். கலைக்கூடங்கள் மிகுந்த தெருக்களையே நாடி எழுதினார் என்பதை மறைப்பானேன்? வாயில் அடைத்துக் கிடந்தால் சுவரைத்தானே தட்ட வேண்டும்!

வாயில் திறந்தது. 1982இல், 21 வயதில், ஜெர்மனியின் காசெல் நகரக் கண்காட்சியில் இடம்பெற்றார். பாராட்டினர் விமர்சகர், அப்பாராட்டிலேயே நஞ்சும் கலந்தனர். நாகரிகம் தீண்டாத இயல்பான ஆற்றலாம்! சிறுவயதிலேயே அருங்காட்சியகங்களில் உலவியவர், ஏழு வயதில் மருத்துவமனைப் படுக்கையில் உடற்கூற்று நூலைப் புரட்டியவர் அவர். ஓவியங்களில் எலும்பும் மண்டையோடும் வந்தது காட்டுத்தனத்தாலா, கற்றதனாலா? கறுப்பன் கற்றான் என்று ஒப்ப மனமில்லை, வேறென்ன?

1983 செப்டம்பரில் மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞரைச் சுரங்க இரயில் நிலையத்தில் கிறுக்கினாரென்று போலீசார் பிடித்தனர். நினைவிழந்து மருத்துவமனை சேர்ந்தவர், பதின்மூன்றாம் நாள் மாண்டார். 1985இல் ஆறு போலீசாரும் விடுதலை. நடுவர் குழுவினர் அனைவரும் வெள்ளையர்.

அச்சாவு கேட்ட பாஸ்கியா, கீத் ஹேரிங்கின் ஓவியக்கூடச் சுவரில் ஒரு படம் எழுதினார். தடி ஓங்கிய நீலச்சட்டைக் காவலர் இருவர். இடையே முகமற்ற கரிய உருவம். மேலே 'உருச்சிதைப்பு' எனப் பொருள்படும் ஒற்றைச் சொல், கேள்விக்குறிகளுடன். சிதைந்தது சுவரா, மனிதனா? விரைவில் தீட்டியது, மெருகில்லை. ஆயினும் அவர் படைப்புகளில் நாம் முதலிடம் தருவது இதற்கே. விற்கவென்று எழுதப்பட்டதன்று இது.

1988இல், 27 வயதில், போதை மருந்து அவரைக் கொன்றது. 1984இல் 19,000 டாலருக்கு விலைபோன அவரது மண்டையோட்டு ஓவியமொன்று, 2017இல் 11 கோடியே 5 இலட்சம் டாலருக்கு ஏலம்போயிற்று. அந்தச் சுவர்ப்படமோ? ஹேரிங் அதைச் சுவரோடு வெட்டியெடுத்து, பொன்முலாம் பூசிய சட்டமிட்டு, தம் படுக்கையின் தலைமாட்டில் மாட்டி வைத்திருந்தார், 1990இல் தாம் சாகும்வரை.